பரபரப்பு நாவலும் பாவசங்கீர்த்தனமும்

1844-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரத்தில், அர்ச். மிக்கேல் ஆலயமும் அர்ச். அகுஸ்தீனார் ஆலயமும் கலகக் கூட்டத்தாரால் தீக்கிரையாக்கப்பட்டன. பொதுப் பள்ளிக்கூடங்களில் கத்தோலிக்கக் குழந்தைகள் தங்கள் திருச்சபை ஏற்றுக்கொண்ட வேதாகமத்தையே வாசிக்க இடந்தர வேண்டும் என்று கென்ரிக் ஆண்டகை இரண்டாண்டுகளுக்கு முன் கேட்டுக்கொண்டதும், வேலை தேடிவந்த அயர்லாந்துக் குடியேறிகளின் மேல் உள்ளூராருக்கு இருந்த வெறுப்பும் சேர்ந்து மூட்டிய தீ அது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அதே நகரத்தில், ஜார்ஜ் லிப்பார்ட் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞர், 'குவேக்கர் நகரம், அல்லது மங்க் மாளிகைத் துறவிகள்' என்ற நாவலைச் சிறு சிறு பகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். 1852-இல் 'டாம் மாமாவின் குடிசை' வெளிவரும் வரையில் அமெரிக்காவில் அதைப்போல் விற்ற நாவல் வேறொன்றில்லை என்பது இலக்கிய சரித்திரக்காரர்களின் துணிபு. ஆலயம் எரிந்த ஊரிலேயே, துறவிகளின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு நூல், துன்மார்க்கத்தைப் பண்டமாக்கிப் பெரும்பொருள் கண்டது என்ற இந்தச் சம்பவச் சேர்க்கையிலிருந்துதான் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் தொடங்குகிறது. ஒழுக்கக் கேட்டைச் சித்திரிக்கும் பரபரப்புக் கதைகளைக் கத்தோலிக்க நோக்கு எவ்விதம் மதிப்பிட்டது, எவ்விதம் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்பதே அவ்விஷயம்.

லிப்பார்டின் மங்க் மாளிகை, பூர்வத்தில் ஒரு மடமாக இருந்ததோ என்று ஊரார் சந்தேகிக்கும் பழைய கட்டடம். பகலில் வங்கி முதலாளியாகவும் வழக்கறிஞராகவும் பத்திரிகாசிரியராகவும் போதகராகவும் ஊரில் மதிப்போடு நடமாடும் கனவான்கள், இரவானதும் அங்கே கூடிக் குடிக்கவும் சூதாடவும் கன்னிப் பெண்களை ஏமாற்றிக் கெடுக்கவும் செய்கிறார்கள். காலை வைத்ததும் அப்படியே பாதாளத்தில் தள்ளிவிடும் பொறிக்கதவுகள் அறைக்கு அறை உண்டு. அவற்றுக்கெல்லாம் அதிபதியாக டெவில்பக் என்னும் ஒற்றைக்கண் வாயிற்காவலன் வாசலில் நிற்கிறான். கதைக்கு வித்தாக அமைந்தது 1843-இல் நடந்த மெய்யான வழக்கு. தன் தங்கையின் கற்பைச் சூறையாடியவனை மெர்சர் என்ற இளைஞன் படகில் வைத்துச் சுட்டுக்கொன்றான். நடுவர் குழு அவனைக் குற்றமற்றவன் என்று விடுதலை செய்தது. நாவலை நாடகமாக்கி அரங்கேற்றப் போன சமயத்தில், தங்களையே மேடையில் காணநேருமோ என்று அஞ்சிய பெரிய மனிதர்கள் மூட்டிய கொந்தளிப்பால் நகரத் தலைவரே தலையிட்டு அதை நிறுத்தும்படி ஆயிற்று. ஏழைப் பெண்ணின் மானத்துக்குக் காவலாகவே இதை எழுதினேன் என்று லிப்பார்ட் சாதித்தார். அதில் பொய்யில்லை, ஆயினும் அந்த மானம் பறிபோகும் காட்சியை அவர் எத்தனை பக்கம் எவ்வளவு ருசியோடு வளர்த்துக்கொண்டு போகிறார் என்பதைப் படித்தவர்கள், அந்தச் சமாதானத்தை முழுமனதோடு ஏற்க மாட்டார்கள்.

கத்தோலிக்கர்கள் இவ்வகை நூல்களைப் பற்றிப் பேசியபோது, அது சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்த விமர்சனமாக இருக்கவில்லை. 1834 ஆகஸ்டு 11-ஆம் தேதி இரவு, பாஸ்டனுக்கு அருகே சார்லஸ்டவுனில் இருந்த உர்சுலின் கன்னியர் மடத்தைக் கூட்டம் கொளுத்தியது. அம்மடத்தில் சில மாதம் தங்கி வெளியேறிய ரெபெக்கா ரீட் என்ற பெண்ணின் பெயரால் மறு ஆண்டே ஒரு நூல் வந்தது. அதற்கடுத்த 1836-இல் வந்ததுதான் மரியா மங்க் என்பவரின் 'பயங்கர வெளிப்பாடுகள்'. மான்ட்ரியால் நகரத்துக் கன்னியர் மடத்தில் குருமாரும் கன்னியரும் நடத்தியதாகச் சொல்லப்பட்ட அக்கிரமங்களும், பிறந்த சிசுக்களை ஞானஸ்நானம் கொடுத்துக் கொன்று நிலவறையில் புதைத்ததான கதைகளும் அதில் அடங்கியிருந்தன. நியூயார்க் பத்திரிகாசிரியர் வில்லியம் ஸ்டோன், தாமே புராட்டஸ்டாண்டாக இருந்தும், நேரில் போய் அம்மடத்தின் அறை அறையாகச் சோதித்து, நூலில் வர்ணிக்கப்பட்ட கட்டடத்துக்கும் இருக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவ்வாண்டே எழுதினார். எழுதி என்ன பயன்? நூல் லட்சக்கணக்கில் விற்றது. இன்றும் எங்கோ ஒரு மூலையில் மறுபதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் பொய்யை விரும்பிப் படிக்கும் மனத்தைப் பற்றித்தான் ஒழுக்கவாதி முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் குறிப்பிடுவது நியாயம். லிப்பார்டின் நாவலில் பைன் என்ற போதகர் ஒருவர் வருகிறார். பாப்பாண்டவரைக் கண்டித்து மேடைதோறும் முழங்கி நன்கொடை திரட்டுவது அவருடைய தொழில்; மங்க் மாளிகையிலே ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுத்து மயக்கிக் கெடுக்க முயலும் கயவரும் அவரே. ஆக, மடம் என்ற பயங்கரச் சொல்லைக் கடன் வாங்கிய லிப்பார்ட், மடத்தைப் பழித்துப் பிழைப்பவர்களின் முகத்திரையையும் கிழித்தார். தலைப்பைப் பார்த்தே ஒரு நூலைத் தள்ளிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

இந்தப் பெருக்குக்கு ஊற்றுக்கண் பாரிஸ் பட்டணம். யூஜீன் சூ 1842-இல் தினத்தாளில் தொடர்கதையாக எழுதத் தொடங்கிய 'பாரிஸ் ரகசியங்கள்' ஐரோப்பா எங்கும் காட்டுத்தீயாகப் பரவிற்று. அடுத்து அவர் எழுதிய 'அலையும் யூதன்' சேசு சபைக் குருக்களை உலகத்தையே வலைபோட்டுப் பிடிக்கும் சதிகாரர்களாகச் சித்திரித்தது. சூவின் நூல்கள் ரோமாபுரியின் தடைநூல் பட்டியலில் ஏறின. லிப்பார்டை அவர் காலத்தவர் சூவோடு சேர்த்தே பேசினார்கள். இங்கிலாந்தில் அதே வித்தையைக் கையாண்டவர் ரெயினால்ட்ஸ். 1844-இல் அவர் தொடங்கிய 'லண்டன் மர்மங்கள்' வாரம் ஒரு பென்னி விலையில் விற்றது. இந்த ரெயினால்ட்ஸ்தான் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து, வங்காளம் முதல் தமிழகம் வரை, ஷேக்ஸ்பியரைத் தொடாத கைகளிலும் தவழ்ந்தார். ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவிப் பல பாகங்களாக நாவல்களை எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்த ரசத்தைத் தஞ்சாவூர்க் குடும்பங்களின் நடுவே பாய்ச்சினார். இவர்கள் செய்ததில் வியப்பில்லை. துறவு வாழ்க்கையை மேற்கொண்ட சைவப் பேரறிஞராகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் ஒரு நாவலைத் தழுவி, 1911-இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்று தமிழாக்கினார் என்பதே வியக்கத்தக்கது. அடிகள் கைபட்டுக் கதை சுத்தி பெற்றது என்பது வேறு விஷயம். ஆனால் ஊற்று அதே ஊற்றுத்தான்.

தமிழ்ப் பரபரப்பு நாவலுக்கும் மடம் இல்லாமல் முடியவில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா'வில் துப்பறியும் கோவிந்தன் அம்பலப்படுத்துவது ஒரு சைவ மடத்துப் பண்டார சந்நிதியின் ஒழுக்கக்கேட்டைத்தான். 1936-இல் அது படமாக வந்தபோதும் ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தது அந்தக் காவிக்குள் மறைந்திருந்த காமத்தைத்தான். வடுவூராரோ இதற்கு நேர்மாறாகத் திகம்பர சாமியார் என்ற துறவியையே துப்பறிபவராக்கினார். பாரிஸில் சேசு சபை, பிலடெல்பியாவில் மங்க் மாளிகை, தமிழ்நாட்டில் சைவ மடம் என்று ஊர்தோறும் ஆசாமி மாறினாலும், உயர்ந்த மதில், பூட்டிய கதவு, உள்ளே என்ன நடக்கிறதோ என்னும் வெளியாரின் தவிப்பு ஆகிய மூன்றும் மாறவில்லை.

கரிசல் சீமையில் உள்ளவர்களுக்குச் சேசு சபைக் குரு என்றால் சூ வரைந்த ரோதான் என்ற வஞ்சகன் நினைவுக்கு வரமாட்டான். கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில், பருத்தியும் சோளமும் விளையும் மானாவாரி மண்ணின் நடுவே, மதுரை மிஷன் குருக்கள் காவி உடுத்துக் காய்கறி உண்டு வேதம் போதித்தார்கள். 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் தமது தொண்டின் தொடக்க காலத்தில் பணிபுரிந்த தலங்களுள் அதுவும் ஒன்று. ஆகஸ்டு 15-ஆம் தேதி பரலோக மாதா திருநாளுக்குச் சுற்று வட்டாரத்து ஜனங்கள், கத்தோலிக்கர் அல்லாதவர்களும் உட்பட, அங்கே கூடுவது வழக்கம். பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இருபுறமும் வரிசை நீளும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பலகைக்கு முன் முழந்தாளிடும் கிழவி, தன் மருமகள் செய்ததைச் சொல்லத் தொடங்கினால், குருவானவர் இடைமறித்து, "அது அவ பாவம், நீ ஒன் பாவத்தச் சொல்லு, ஆத்தா" என்பார். வட்டாரத்தில் சிரிப்புக்காகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு, பரபரப்பு இலக்கியத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுவதையும் தன்னுள் வைத்திருக்கிறது. அதற்கு வருமுன், திருச்சபை இது குறித்து உண்மையில் என்ன சொல்லிவந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

அதிகாரபூர்வமான குரல் தடையின் குரல். 1559 முதல் 1966 வரை நடைமுறையில் இருந்த தடைநூல் பட்டியலில் நாவலாசிரியர்களின் பெயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மளமளவென்று சேர்ந்தன. 1897-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் வெளியிட்ட பொதுவிதிகள், ஆபாசத்தையே நோக்கமாகக் கொண்டு எழுதப்பட்ட நூல்களை விலக்கின. ஆனால் நடையழகுக்காகப் போற்றப்படும் புராதன, நவீன இலக்கியங்களை, கற்பிக்கும் கடமை உள்ளவர்கள் படிக்கலாம் என்றும் விட்டுக்கொடுத்தன. அருகிலே நின்று பார்த்தால் அவ்விதி நாம் நினைப்பதைவிட நிதானமானது. நோக்கத்தை அது கேட்கிறது. ஒரு நூலில் பாவம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கவில்லை. நடைமுறையில் அந்த நிதானம் பங்குக் கோயில் பிரசங்கம் வரை இறங்கி வந்ததா என்றால், பெரும்பாலும் வரவில்லை. நாவல் என்றாலே நரகத்துக்கு வழி என்று கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நம் நாட்டிலும் உண்டு.

அமெரிக்கக் கத்தோலிக்கர்களுள் இதைப்பற்றி உரக்கச் சிந்தித்தவர் ஓரெஸ்டிஸ் பிரவுன்சன். பல மதப்பிரிவுகளில் அலைந்து, ஆலயங்கள் எரிந்த அதே 1844-இல் கத்தோலிக்கரானவர் அவர். தாமே முன்னொரு நாவலை எழுதியவருங்கூட. பரபரப்பு நாவலுக்கு மாற்றாகக் கத்தோலிக்க எழுத்தாளர்கள் பக்தி நாவல்களை எழுதத் தொடங்கியபோது, அவர்களைக் கைதட்டி வரவேற்பார் என்று எதிர்பார்த்த சுற்றத்தாரை அவர் ஏமாற்றினார். காதல் கதை வேண்டுமானால் காதல் கதை எழுதுங்கள், சமயம் வேண்டுமானால் சமயம் எழுதுங்கள், இரண்டையும் பிசைந்து வைத்தால் இரண்டும் கெடும் என்ற பொருள்படக் கடுமையாக விமர்சித்தார். அயர்லாந்துக் குடியேறிகளுக்காகப் புத்திமதிக் கதைகளை எழுதிக் குவித்த மேரி ஆன் சாட்லியர் போன்றவர்களின் நூல்கள் விற்பனையில் குறைந்தவை அல்ல. இலக்கியமாக நிலைத்தவையும் அல்ல.

இவர்கள் எல்லாரினும் ஆழமாகச் சென்றவர் இங்கிலாந்தின் நியூமன். 1852-இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றி அவர் எழுதிய சொற்பொழிவுகளில், இலக்கியம் என்பது இயற்கை மனிதனின் சரித்திரம், மனிதனோ பாவி, ஆகவே பாவியான மனிதனைப் பற்றிப் பாவமே இல்லாத இலக்கியம் வேண்டுமென்பது தன்னைத்தானே மறுக்கும் ஆசை என்ற கருத்தை அஞ்சாமல் நிலைநாட்டினார். பிற்காலத்தில் கர்தினாலான ஒருவரின் வாக்கு இது. வாலிபனை உலகத்திலிருந்து ஒளித்து வளர்த்துவிட்டு, பிறகு ஒருநாள் திடீரென்று அதில் இறக்கிவிட்டால் அவன் தவிப்பான் என்பது அவருடைய அனுபவ ஞானம். தடையைப் பற்றியே பேசுகிறவர்கள் நியூமனை மறந்துவிடுகிறார்கள். நியூமனை மேற்கோள் காட்டுகிறவர்கள், பாவத்தைக் காட்டும் எல்லாக் கதைக்கும் அவர் அனுமதிச் சீட்டு வழங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். எந்த விதமாகக் காட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழிலே இக்கேள்வியை முதன்முதல் எதிர்கொண்டவர் ஒரு கத்தோலிக்கர் என்பது நம் இலக்கிய சரித்திரத்தில் போதிய கவனம் பெறாத செய்தி. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதன் முன்னுரையில், தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை நீக்கவே எழுதியதாகச் சொல்லும் பிள்ளையவர்கள், முக்கிய பாத்திரங்களைப் பரிபூரண சற்குணம் உள்ளவர்களாகப் படைத்ததற்கு ஆங்கில நீதிமான் ஜான்சனின் கொள்கையை ஆதாரம் காட்டுகிறார். 1750-இல் ஜான்சன் வாதித்தது இதுதான்: கதை படிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் அனுபவமற்றவர்களும் ஆகையால், நல்ல குணத்தையும் தீய குணத்தையும் ஒரே நாயகனிடம் கலந்து காட்டினால், அவனை நேசிக்கும் வாசகன் அவனுடைய தோஷங்களையும் வெறுக்க மறந்துவிடுவான். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரின் வாதத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் தம் நாவலுக்கு வேலியாகக் கொண்டார். நீதி ஸ்தலத்தில் அன்றாடம் பொய்ச்சாட்சியையும் சொத்துத் தகராறையும் லஞ்சத்தையும் கண்ட மனிதர், கதையில் ஏன் அப்பழுக்கற்றவர்களைத் தேடினார் என்பது எனக்கு விளங்குகிறது. ஞானாம்பாளின் மதியூகம் இன்றும் இனிக்கிறது. ஆனால் பரிபூரண சற்குணத்தோடு பிறந்தவர்களுக்கு ஆத்துமசோதனை செய்ய வேண்டிய அவசியமே நேர்வதில்லை. நீதிக்கதையின் நாயகன் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்ப வேண்டியிருக்கும். முழுமையான தூய்மை என்ற ஜான்சன் விதி, பார்க்கப் போனால், கத்தோலிக்க மனுஷ சாஸ்திரத்துக்குச் சற்று அந்நியமானதே. பிள்ளையவர்களின் நாவலைத் தாங்கி நிற்பவை, அந்தச் சற்குணர்களைச் சுற்றி அவர் அள்ளிப்போட்ட தாசில்தார்கள், வக்கீல்கள், ஏமாற்றுக்காரர்கள் ஆகியோரின் குட்டிக் கதைகளே.

இனி, கத்தோலிக்கர்கள் பயங்கரக் காட்சிகளை வெறுப்பவர்கள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். தெற்கத்திச் சீமையில் 'ஞானசௌந்தரி' கதை அம்மானையாகவும் நாடகமாகவும் வழங்கிவந்ததை அறியாதார் இல்லை. சிற்றன்னையின் சதியால் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட அரசகுமாரியின் இரு கைகளும் வெட்டப்படுகின்றன. ரத்தம் சொட்ட அவள் அலைகிறாள். ஓர் அரசகுமாரன் அவளை மணக்கிறான். கள்ளக் கடிதத்தால் கைக்குழந்தைகளோடு மறுபடியும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். கடைசியில் தேவமாதாவின் கருணையால் கைகள் வளர்கின்றன. 1948-இல் சிட்டாடல் நிறுவனம் எடுத்த படம் மதபேதமின்றித் தமிழ்நாடெங்கும் ஓடியது. லிப்பார்டின் மங்க் மாளிகையில் நடப்பவற்றுக்குக் கொடுமையில் இது இளைத்ததா? அப்போஸ்தலர் பர்த்தலோமேயுவின் தோல் உரிக்கப்பட்டதையும், அர்ச். லவுரேஞ்சியார் இரும்புக் கட்டிலில் சுடப்பட்டதையும், 1693-இல் ஓரியூரில் அருளானந்த சுவாமியின் தலை வெட்டுண்டதையும் சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லி வளர்த்த சமயம், ரத்தத்தைக் கண்டு முகம் சுளித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே ஆட்சேபம் ரத்தத்தின் மேலோ, பாவத்தின் பெயரைச் சொல்வதன் மேலோ இருக்க முடியாது.

பின் எதன் மேல்? வாசகனை எங்கே நிறுத்திவைக்கிறது கதை என்பதன் மேல். ஞானசௌந்தரி பார்த்த பெண்கள் கை வெட்டுண்டவளின் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் அழுதது தங்கள் சொந்தச் சிற்றன்னைகளையும் மாமியார்களையும் நினைத்து என்றாலும், தாங்களே சிற்றன்னையாகவும் மாமியாராகவும் நடந்துகொண்ட நாட்களும் அந்த அழுகையில் கரைந்திருக்கும். மரியா மங்கைப் படித்தவனோ சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து நிற்கிறான். உள்ளே இருப்பவர்கள் அயலார். அவன் தன் நாற்காலியில் தூயவனாக உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் எவ்வளவுக்கு இழிகிறார்களோ அவ்வளவுக்கு இவன் உயர்கிறான், இடையே காமச் சுகமும் இலவசமாகக் கிடைக்கிறது. பிறர் பாவத்தைச் சொல்லத் தொடங்கும் கிழவியைக் குருவானவர் இடைமறிக்கும் அதே இடத்தில்தான் பரபரப்பு நாவல், "மேலே சொல்லு, மேலே சொல்லு" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறது. பிலடெல்பியாவில் தீவைத்த கைகளுள் சில, கன்னியர் மடத்துக் கதைகளின் பக்கங்களையும் புரட்டியிருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய கற்பனை வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது லிப்பார்டிடமும் ஓரிடம் தேறுகிறது. கனவான்களின் கேளிக்கைகளை எழுதும்போது அலங்கார வார்த்தைகளில் புரளும் அவர், டெவில்பக்கிடம் வந்ததும் ஆழ்ந்துவிடுகிறார். தான் கொன்றவர்களின் உருவங்கள் இரவும் பகலும் அருகே கிடப்பதாக அந்த வாயிற்காவலன் காண்கிறான், அவற்றை வைதும் கெஞ்சியும் சிரித்துப் பேசியும் பார்க்கிறான், அவை போவதில்லை. தனக்கு ஒரு மகள் உண்டென்று அறிந்த பிறகு, அவள் ஒருத்தியின் பொருட்டு அவனுக்குள் ஏதோ இளகுகிறது. லிப்பார்ட், மனச்சாட்சி என்பது அடித்தாலும் சாகாத பிராணி என்று தம்மையும் அறியாமல் அவனிடம் கண்டுகொண்டார். மாளிகையின் மற்ற விருந்தாளிகள் எவருக்கும் அப்படியோர் இரவு வாய்க்கவில்லை. உத்தம மனஸ்தாபம் என்று ஞானோபதேசத்தில் சொல்லப்படுவது அவனிடமும் இல்லைதான். ஆயினும் அதன் வாசல்படி வரையில் அவனை அழைத்துப்போன எழுத்தை நான் ஆபாசம் என்று தள்ளமாட்டேன்.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தின் பெட்டிக்கடைகளில் கடலை மிட்டாய்ப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட பாக்கெட் நாவல்கள் நெடுங்காலம் விற்றன. அட்டையில் துப்பாக்கியும் ஒரு பெண்முகமும் தவறாது. பேருந்து திருநெல்வேலியை எட்டுவதற்குள் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். அவற்றைப் பெரிதாகக் கண்டிக்கவோ பாராட்டவோ எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலானவை கணக்குப் புதிர்கள். அவற்றில் கொலை இருக்கும், பாவம் இருக்காது. கொலையைப் பாவமாகக் காட்டிய எழுத்து அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்தது, எழுதியவர்கள் கத்தோலிக்கருமல்லர். இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. அதில் தனியே வழிநடந்த கர்ப்பிணிப் பெண்ணொருத்தி, காதணிக்கு ஆசைப்பட்ட கள்வனால் நீரில் அமுக்கிக் கொல்லப்படுகிறாள். அவனுடைய கால்விரலைப் பற்றிய பிடியை அவள் சாவிலும் விடவில்லை. பரபரப்புக்காரர் கையில் இது எப்படியெல்லாம் வளர்ந்திருக்கும்! கி. ரா. கொலையை விரைந்து சொல்லிவிட்டு, ஊர் கூடி அவனை என்ன செய்வது என்று யோசிக்கும் பக்கங்களில் நிதானிக்கிறார். கழுவேற்றம் என்ற கொடிய தண்டனையை விதித்த ஊரும் அந்தக் கதையில் தன் பங்குக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதாகிறது. பாலியல் நாடோடிக் கதைகளைத் திரட்டி 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று அவர் வெளியிட்டதையும் கண்டித்தவர்கள் உண்டு. களத்துமேட்டில் பத்துப் பேர் நடுவே, கேட்பவர்களையும் சேர்த்துக் கேலி செய்து சொல்லப்படும் கதையில் ஒளிந்து பார்ப்பதற்குச் சாவித் துவாரமே இல்லை என்பது என் எண்ணம்.

பூமணியின் 'வெக்கை' 1982-இல் வெளிவந்தது. முதல் பக்கத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டிவிட நினைத்த பதினைந்து வயது சிதம்பரம், உயிரையே எடுத்துவிடுகிறான். அதற்குமேல் நாவல் முழுவதும், தந்தையும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்து, பழைய கதைகளைப் பேசி, கடைசியில் சரணடையப் போவதுதான். கொலையுண்டவனுடைய அக்கிரமத்தை ஆசிரியர் குறைத்துச் சொல்லவில்லை; கொன்ற பையனுக்கு மாலை சூட்டவும் இல்லை. வாசகன் நிற்க வேண்டிய இடம் காட்டுக்குள், அந்தப் பிள்ளையின் பக்கத்தில். அங்கிருந்து பார்க்கும்போது நியாயமும் குற்றமும் ஒரே கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'அசுரன்' என்று 2019-இல் படமாக்கப்பட்டபோது சண்டைக் காட்சிகளுக்குக் கிடைத்த கைதட்டல், சினிமா எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் காட்டிவிட்டது.

அவருடைய 'அஞ்ஞாடி' கத்தோலிக்க வாசகனுக்கு இன்னும் கடினமான நூல். 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது கழுகுமலையில் மூண்ட கலவரம் அதில் வருகிறது. தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமை குறித்து எட்டயபுரம் ஜமீனோடு வழக்காடித் தோற்ற நாடார்களில் பலர் கத்தோலிக்கத்தைத் தழுவியிருந்தார்கள், அதே வீதியில் அவர்கள் எழுப்பிய சிற்றாலயத்தின் பந்தல் தேரின் பாதையில் நிற்கப்போய் மூண்ட சண்டையில், ஜமீன் மேலாளரும் வேறு பலரும் உயிரிழந்தார்கள், வீடுகள் எரிந்தன. பிலடெல்பியாவில் ஆலயம் எரிந்த கதையைக் கண்ணீரோடு சொல்ல நமக்குத் தெரியும். மரியா மங்கின் பொய்களை வரிசைப்படுத்தவும் தெரியும். கழுகுமலைக் கதையிலோ ஞானஸ்நானம், சாதி மானம், வீதியுரிமை, பழி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, அதை விசாரிக்க வேண்டிய கத்தோலிக்கனும் அதில் ஒரு கட்சிக்காரனாகவே நிற்க வேண்டியிருக்கிறது. பரபரப்பு நாவல்களின் சீர்கேட்டைப் பற்றி நம் சமயப் பத்திரிகைகள் இத்தனை காலமாக எழுதிய பக்கங்களில் ஒரு பங்கையாவது இந்த நூலை வாசிப்பதற்கு ஒதுக்கியிருக்கலாம்.